அத்தியாயம் 4: தோலை அரிக்குமா, எரிச்சலூட்டுமா?

சுத்தம் செய்யும் திரவம் தயாரிப்பவர், சாயப்பட்டறையில் ரசாயனக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர், தொழிற்கூடத்தில் பாதுகாப்பு அலுவலராகப் புதிதாகச் சேர்ந்தவர் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் முன்னால் ஒரு டப்பா இருக்கிறது. அதன் லேபிளில் எந்த எச்சரிக்கையை அச்சிடுவது, அதைக் கையாளும் தொழிலாளிக்கு எந்தக் கையுறை கொடுப்பது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்குப் படிப்படியாக எப்படி வருவது என்று பார்ப்போம்.

ஒரு விதியை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு பொருள் ஆபத்தானது என்று முடிவு செய்ய நம்பகமான ஒரு சான்று போதும். அத்துடன் வேலையை நிறுத்திக்கொள்ளலாம். பாதகமில்லை என்று சொல்வதற்கோ எல்லாப் படிகளையும் கடந்தாக வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

இரண்டு பாதிப்புகள், ஒரு வேறுபாடு

அரிக்கும் பொருளையும் எரிச்சலூட்டும் பொருளையும் வலியின் அளவை வைத்துப் பிரிப்பதில்லை. தோல் பழைய நிலைக்குத் திரும்புமா என்பதே கேள்வி. நான்கு மணி நேரம் வரை தோலில் பட்டிருந்ததில் மேல்தோல் முழுவதும் செத்து, பாதிப்பு உட்தோலுக்குள்ளும் இறங்கிவிட்டால் அது அரிக்கும் பொருள். புண், ரத்தக்கசிவு, கருகிய பொருக்கு, ஆறியபின் நிற்கும் தழும்பு ஆகியவை அதன் அடையாளங்கள். அதே நான்கு மணி நேரத்தில் தோல் சிவந்து வீங்கி, பிறகு தானாகவே சரியாகிவிட்டால் அது எரிச்சலூட்டும் பொருள்.

ஐக்கிய நாடுகள் அவை 2003-இல் முதலில் வெளியிட்ட ஜி.எச்.எஸ். என்னும் உலகப் பொது வகைப்பாடு இவற்றைப் பின்வருமாறு பிரிக்கிறது:

- வகை 1ஏ: மூன்று நிமிடமோ அதற்கும் குறைவாகவோ பட்டாலே, ஒரு மணி நேரத்துக்குள் தோல் அழிவது தெரியும்.
- வகை 1பி: மூன்று நிமிடத்துக்கு மேல், ஒரு மணி நேரம் வரை பட்டால் அழியும்.
- வகை 1சி: ஒரு மணி நேரத்துக்கு மேல், நான்கு மணி நேரம் வரை பட்டால் அழியும். 1பி, 1சி இரண்டுக்கும் 14 நாள் வரை கண்காணிப்பு உண்டு.
- வகை 2: எரிச்சலூட்டும்.
- வகை 3: லேசாக எரிச்சலூட்டும். இதை ஏற்பதும் விடுவதும் அந்தந்த நாட்டின் விருப்பம். ஐரோப்பிய ஒன்றியம் ஏற்கவில்லை.

ஒவ்வாமையை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கொத்தனாரின் கையில் ஈரச் சிமென்ட் புண் உண்டாக்குவது அதன் காரத்தன்மையால். அது யாருடைய கையிலும் நடக்கும். அதே சிமென்ட்டில் உள்ள குரோமியம் சிலருக்கு மட்டும் ஒவ்வாமைச் சொறியைத் தருகிறது. அதற்கான சோதனைகள் வேறு. அவற்றை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

தோலில் நடப்பது என்ன

தோலின் மேற்பரப்பில் செத்த செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றுக்கு இடையே கொழுப்பு நிறைந்திருக்கிறது. வெளிப்பொருளை முதலில் தடுப்பது இந்த அடுக்குதான். அமிலம் பட்டால் புரதம் திரைந்து கெட்டியாகிறது. அந்தக் கெட்டிப் படலமே அமிலம் மேலும் உள்ளே போவதை ஓரளவு தடுக்கிறது. காஸ்டிக் சோடா போன்ற காரம் அப்படி நிற்காது. கொழுப்பைச் சோப்பாக மாற்றி, திசுவைக் கரைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகும். முதலில் வழுவழுப்பாக மட்டுமே தெரியும். வலி பிறகுதான் வரும்.

வலியை நம்பக்கூடாத பொருள்கள் இன்னும் சில உண்டு. ஃபீனால் நரம்பை மரத்துப்போகச் செய்வதால் எரிவது தெரியாமலே தோல் வெந்துவிடும். நீர்த்த ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் பட்டுப் பல மணி நேரம் கழித்தே வலிக்கத் தொடங்கும். அதற்குள் ஃபுளூரைடு உள்ளே புகுந்து உடலின் கால்சியத்தைப் பிடித்திருக்கும். “ஒரு சொட்டுக் கையில் விட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை” என்று கிடங்கில் யாராவது சொன்னால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படிப் பார்க்க யாரையும் அனுமதிக்கவும் செய்யாதீர்கள்.

படி 1: ஏற்கெனவே தெரிந்ததைத் திரட்டுதல்

பொருளை விற்றவரிடம் எம்.எஸ்.டி.எஸ். என்று தொழிலில் வழங்கும் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் 16 பகுதிகள் இருக்கும். இந்த வேலைக்கு ஐந்து பகுதிகள் முக்கியம்: ஆபத்து வகை (பகுதி 2), கலந்துள்ள பொருள்களும் அவற்றின் விழுக்காடும் (3), பி.எச். உள்ளிட்ட இயற்பியல் பண்புகள் (9), நச்சியல் தகவல் (11), போக்குவரத்து வகை (14).

ஐந்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படியுங்கள். பகுதி 14-இல் “வகுப்பு 8, அரிக்கும் பொருள்” என்று இருந்து, பகுதி 2-இல் எரிச்சல் என்று மட்டும் இருந்தால் இரண்டில் ஒன்று தவறு. பி.எச். 13 என்று எழுதிவிட்டுத் தோலுக்கு ஆபத்தில்லை என்று சொல்லும் தாளையும் நம்ப வேண்டாம். வேறொரு நிறுவனத்தின் தாளில் பெயரை மட்டும் மாற்றித் தருவது சந்தையில் நடப்பதுதான். திருத்தப்பட்ட தேதி இல்லாத தாளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

உங்கள் தொழிற்கூடத்தின் விபத்துப் பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். அந்தப் பொருள் பட்டு முன்பே யாருக்காவது தோல் வெந்து தழும்பு விழுந்திருந்தால், அது மனிதத் தோலிலிருந்தே கிடைத்த சான்று. எவ்வளவு செறிவு, எவ்வளவு நேரம் பட்டிருந்தது, எப்போது கழுவப்பட்டது என்ற மூன்று விவரங்களும் பதிவாகியிருந்தால் அதன் மதிப்பு மிக அதிகம்.

படி 2: செறிவைக் கணக்கிடுதல்

ஒரே பொருள் செறிவைப் பொறுத்து வகை மாறும். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் பயன்படுகிறது. கடையில் பெரும்பாலும் 85 விழுக்காட்டுச் செறிவில் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியல்படி இந்த அமிலம் 90 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் 1ஏ. 10 முதல் 90-க்குள் என்றால் 1பி. 2 முதல் 10-க்குள் என்றால் வகை 2. ஆகவே கேனிலிருந்து ஊற்றி நீரில் கலக்கும்போது கையில் இருப்பது அரிக்கும் பொருள். பலமடங்கு நீர்த்தபின் பாலில் ஊற்றும்போது நிலைமை வேறு. கையுறையும் கண்ணாடியும் கலக்கும் நேரத்தில்தான் கட்டாயம் தேவை.

அடிக்கடி கையாளப்படும் வேறு சில பொருள்களுக்கு அதே பட்டியல் தரும் எல்லைகள்:

- காஸ்டிக் சோடா: 5 விழுக்காடும் மேலும் 1ஏ, 2 முதல் 5-க்குள் 1பி, 0.5 முதல் 2-க்குள் வகை 2.
- கந்தக அமிலம்: 15 விழுக்காடும் மேலும் 1ஏ, 5 முதல் 15-க்குள் வகை 2.
- ஹைட்ரோகுளோரிக் அமிலம்: 25 விழுக்காடும் மேலும் 1பி, 10 முதல் 25-க்குள் வகை 2.
- அசிட்டிக் அமிலம்: 90 விழுக்காடும் மேலும் 1ஏ, 25 முதல் 90-க்குள் 1பி, 10 முதல் 25-க்குள் வகை 2.

பட்டியலில் தனி எல்லை இல்லாத பொருள்கள் கலந்திருந்தால் பொது விதியைப் பயன்படுத்துங்கள். வகை 1 பொருள்களின் கூட்டுத்தொகை 5 விழுக்காட்டை எட்டினால் கலவை அரிக்கும். 1 முதல் 5-க்குள் இருந்தால் எரிச்சலூட்டும். வகை 2 பொருள்கள் மட்டும் சேர்ந்து 10 விழுக்காட்டை எட்டினாலும் எரிச்சலூட்டும். இரு வகையும் கலந்திருந்தால் வகை 1-இன் அளவைப் பத்தால் பெருக்கி வகை 2-இன் அளவோடு கூட்டுங்கள். 10 வந்தால் எரிச்சலூட்டும். வலுவான அமிலமும் காரமும் இந்தக் கூட்டல் கணக்குக்குள் அடங்காதவை. அவற்றில் 1 விழுக்காடு இருந்தாலே பொது விதி கலவையை வகை 1-இல் வைக்கிறது.

படி 3: பி.எச். அளத்தல்

பி.எச். 2-ம் அதற்குக் கீழும், அல்லது 11.5-ம் அதற்கு மேலும் இருந்தால், மாற்றுச் சான்று இல்லாத வரை பொருளை அரிக்கும் பொருளாகவே கொள்ள வேண்டும். நிறத்தாளில் நனைத்துப் பார்ப்பது முதல் சோதனைக்கு மட்டும் உதவும். முடிவு எழுத மீட்டர் தேவை. அளக்கும் முன் தெரிந்த பி.எச். கொண்ட கரைசல்களால் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சோடியம் மிகுந்த காரக் கரைசலில் சாதாரணக் கண்ணாடி மின்முனை உண்மையைவிடக் குறைவான எண்ணைக் காட்டும். அதற்கென உள்ள மின்முனையைப் பயன்படுத்துவது நல்லது.

பி.எச். மட்டும் முழுக்கதையையும் சொல்லிவிடாது. இரண்டு திரவங்கள் ஒரே பி.எச். காட்டலாம், ஒன்றில் காரம் சிறிதளவே இருந்து தோலின் இயல்பான அமிலத்தன்மையால் விரைவில் தணிந்துபோகலாம், மற்றொன்றில் தணியாத அளவுக்கு இருப்பு இருக்கலாம். இந்தக் கார இருப்பை அறிய, திரவத்தை அமிலத்தால் தரம்பார்த்து பி.எச். 10-க்குக் கொண்டுவர எவ்வளவு தேவைப்படுகிறது என்று அளக்கிறார்கள். அமிலத் திரவமென்றால் காரத்தால் பி.எச். 4-க்கு உயர்த்துவார்கள். விடையை 100 கிராமுக்கு இத்தனை கிராம் காஸ்டிக் சோடா என்ற அளவில் எழுதுவது வழக்கம். பி.எச். எண்ணோடு கார இருப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கூட்டினால் 14.5-ம் அதற்கு மேலும் வருமானால் அரிக்கும் பொருள்.

இந்தக் கணக்கு எதிர்த்திசையில் “அரிக்காது” என்று காட்டினால் அதை இறுதி விடையாகக் கொள்ளாதீர்கள். அதை உறுதிசெய்ய வேறு சான்று, பெரும்பாலும் படி 5-இன் சோதனை, வேண்டும்.

படி 4: ஒத்த அமைப்புள்ள பொருள்கள்

புதிய பொருளுக்குத் தரவு இல்லையென்றால், மூலக்கூறு அமைப்பில் அதை ஒத்த, நன்கு ஆராயப்பட்ட பொருளின் விவரத்தைத் துணைக்கு எடுக்கலாம். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி. இதற்கென ஒரு மென்பொருளை இலவசமாகத் தருகிறது. பயிற்சி பெற்ற நச்சியலாளர் செய்ய வேண்டிய வேலை இது. சிறு நிறுவனங்கள் இந்தப் படியை ஆலோசகரிடம் விட்டுவிடலாம்.

படி 5: சோதனைக்கூடத்தில் வளர்த்த தோல்

மனிதத் தோல் செல்களைக் கிண்ணத்தில் வளர்த்து, மேற்பகுதி காற்றில் படும்படி வைத்தால், சில வாரங்களில் அடுக்கடுக்கான மேல்தோல் உருவாகிறது. அதன்மேல் சோதனைப் பொருளை வைத்து, கழுவி, எத்தனை செல்கள் பிழைத்தன என்று பார்ப்பதுதான் முறை. பிழைத்த செல்கள் எம்.டி.டி. என்னும் மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும். அந்த ஊதாவைக் கரைத்தெடுத்து ஒளி அளவியில் அளந்தால் விழுக்காடு கிடைக்கும்.

ஓ.இ.சி.டி.யின் இரண்டு வழிகாட்டிகள் இங்கே முக்கியம். 2004-இல் வந்த 431-ஆம் எண் அரிக்கும் தன்மைக்கு. 2010-இல் வந்த 439-ஆம் எண் எரிச்சலுக்கு. பரவலாகப் பயன்படும் எபிடெர்ம் மாதிரியில் 431-ஆம் சோதனையை மூன்று நிமிடம், ஒரு மணி நேரம் என இரு கால அளவில் செய்கிறார்கள். மூன்று நிமிடத்தில் பாதிக்கும் குறைவான செல்களே பிழைத்தால் அரிக்கும். மூன்று நிமிடத்தைத் தாங்கி, ஒரு மணி நேரத்தில் 15 விழுக்காட்டுக்கும் கீழே போனாலும் அரிக்கும். இரண்டையும் தாண்டினால் 439-ஆம் சோதனை: ஒரு மணி நேரம் வைத்து, கழுவி, 42 மணி நேரம் வளரவிட்டு அளக்கிறார்கள். 50 விழுக்காடோ அதற்குக் குறைவோ பிழைத்திருந்தால் எரிச்சலூட்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும் நீங்கள் பார்க்க வேண்டியவை:

- எதுவும் செய்யாத தாங்குநீர் வைத்த தோலும், நிச்சயம் பாதிக்கும் பொருள் (439-இல் 5 விழுக்காடு எஸ்.டி.எஸ்., அதாவது சோடியம் டோடெசில் சல்ஃபேட்) வைத்த தோலும் சேர்ந்தே சோதிக்கப்பட்டனவா?
- உங்கள் பொருளே நிறமுள்ளதா, அல்லது செல் இல்லாமலே எம்.டி.டி.யை ஊதாவாக்கக்கூடியதா? அப்படியானால் தனிக் கட்டுப்பாட்டுச் சோதனை செய்யாத அறிக்கை, செத்த தோலையும் உயிருள்ளதாகக் காட்டிவிடும்.
- ஒரே பொருள் வைத்த தோல்களின் விடைகள் ஒன்றுக்கொன்று அதிகம் விலகியிருக்கின்றனவா?
- சோதனைக்கூடத்துக்கு ஜி.எல்.பி. என்னும் நல்ல ஆய்வக நடைமுறைச் சான்று உண்டா? இந்தியா 2011 முதல் ஓ.இ.சி.டி.யின் தரவுப் பரஸ்பர ஏற்பு ஏற்பாட்டில் முழு உறுப்பினர். சான்று பெற்ற இந்தியச் சோதனைக்கூடத்தின் அறிக்கை அந்த ஏற்பாட்டில் உள்ள மற்ற நாடுகளிலும் செல்லும்.

இந்தச் சோதனைக்கும் எல்லைகள் உண்டு. 431 வகை 1ஏ-யைத் தனியே காட்டும். 1பி-யையும் 1சி-யையும் பிரிக்காது. 439-ஆல் லேசான எரிச்சலான வகை 3-ஐ இனங்காண முடியாது. நாள் முழுவதும் சோப்புத் தண்ணீரில் கை வைத்திருப்பவருக்கு மெல்ல மெல்ல வரும் வெடிப்பையும் இரண்டும் சொல்லாது. இவை ஒருமுறை படுவதைப் பற்றிய சோதனைகள்.

படி 6: உயிருள்ள விலங்கு

1944-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த ஜான் டிரெய்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் வகுத்த முயல் சோதனைதான் நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. முயலின் முதுகு முடியை மழித்து, 0.5 மி.லி. திரவத்தையோ 0.5 கிராம் பொடியையோ சுமார் 6 சதுர செ.மீ. பரப்பில் நான்கு மணி நேரம் வைப்பார்கள். பிறகு சிவப்புக்கும் வீக்கத்துக்கும் தனித்தனியே 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். 24, 48, 72 மணி நேர மதிப்பெண்களின் சராசரி மூன்றில் இரண்டு முயல்களிலாவது 2.3-க்குக் குறையாமல் இருந்தால் வகை 2. பழைய தரவுத்தாள்களில் நீங்கள் காணும் எண்கள் பெரும்பாலும் இப்படி வந்தவை. அவற்றைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்த விளக்கம்.

ஓ.இ.சி.டி.யின் 404-ஆம் வழிகாட்டியே முந்தைய படிகளைக் கடக்காமல் விலங்கைத் தொடக் கூடாது என்கிறது. அழகுசாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதை இந்தியா 2014-இல் தடைசெய்துவிட்டது. ஆகவே உங்கள் வேலை பெரும்பாலும் ஐந்தாம் படியோடு முடிந்துவிடும்.

முழுக் கணக்கு ஒன்று

இயந்திரப் பாகங்களில் கிரீஸ் எடுக்கும் திரவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காஸ்டிக் சோடா 1.5 விழுக்காடு, வகை 2-ஐச் சேர்ந்த நுரைப்பொருள் 6 விழுக்காடு, மீதி நீர்.

செறிவு எல்லைப்படி காஸ்டிக் சோடா 0.5-க்கும் 2-க்கும் இடையில் நிற்கிறது, எனவே எரிச்சலூட்டும். நுரைப்பொருள் தனியே 10 விழுக்காட்டை எட்டவில்லை, என்றாலும் முடிவு மாறாது. மீட்டரில் பி.எச். 13.5 காட்டுகிறது. அது 11.5-க்கு மேல் என்பதால் அரிக்கும் என்கிறது. ஒரு படி எரிச்சல் என்கிறது, அடுத்தது அரிக்கும் என்கிறது. கார இருப்பு 1.5 கிராம் என்றால் 13.5-உடன் 0.125 கூட்டி ஏறத்தாழ 13.6, 14.5-ஐ எட்டவில்லை. கணக்கு எரிச்சலின் பக்கம் சாய்ந்தாலும் அதை மட்டும் வைத்து லேபிள் அச்சிட முடியாது.

இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. அரிக்கும் பொருள் என்றே அச்சிட்டு விற்கலாம். செலவில்லை, ஆனால் அதற்கேற்ற மூடியும் எச்சரிக்கையும் கையுறையும் வேண்டும். காரத்தைக் குறைத்துச் செய்முறையையே மாற்றலாம். அல்லது 431, 439 சோதனைகளுக்கு அனுப்பலாம். அனுப்பினோம், மூன்று நிமிடத்தில் 92 விழுக்காடும் ஒரு மணி நேரத்தில் 41 விழுக்காடும் பிழைத்தன என்று வைத்துக்கொள்வோம். அரிக்கவில்லை. அடுத்து 439-இல் மூன்று தோல்களும் 35, 38, 32 விழுக்காடு காட்டுகின்றன. சராசரி 35, ஐம்பதுக்குக் கீழே. முடிவு: வகை 2, எரிச்சலூட்டும். அறிக்கை வரும் வரை கிடங்கில் அந்தத் திரவத்தை அரிக்கும் பொருளாகவே நடத்த வேண்டும்.

முடிவை லேபிளாக்குதல்

அரிக்கும் பொருளுக்குக் கையிலும் உலோகத்திலும் திரவம் சொட்டும் படம், “அபாயம்” என்ற சொல், எச்314 வாசகம். எரிச்சலூட்டும் பொருளுக்கு ஆச்சரியக்குறிப் படம், “எச்சரிக்கை” என்ற சொல், எச்315 வாசகம். தோலை அரிக்கும் எதுவும் கண்ணையும் கெடுக்கும். அதற்குத் தனிச் சோதனை தேவையில்லை. லேபிளைக் கையாளுபவர் படிக்கும் மொழியில் எழுதுங்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கும் இடத்தில் தமிழோடு இந்தியும் சேரட்டும்.

முதலுதவி வரியையும் முடிவுக்கேற்ப எழுதுங்கள். திரவமென்றால் நனைந்த உடையைக் கழற்றிவிட்டு, ஓடும் நீரில் 20 நிமிடமாவது கழுவ வேண்டும். சுட்ட சுண்ணாம்புத் தூள் என்றால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, பிறகு நிறையத் தண்ணீர். காரத்தின்மேல் வினிகரோ, அமிலத்தின்மேல் சோடா மாவோ போட்டுச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. வினையில் எழும் வெப்பம் புண்ணைப் பெரிதாக்கும். ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் இருக்கும் இடத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

கோப்பில் இருக்க வேண்டியவை

எந்தப் படியில், எந்தச் சான்றின்மேல் நிறுத்தினீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தேதியோடு கையெழுத்திடுங்கள். தரவுத்தாள், செறிவுக் கணக்கு, பி.எச். பதிவு, சோதனை அறிக்கை ஆகியவற்றை அதோடு இணையுங்கள். மூலப்பொருள் விற்பவர் மாறினாலோ, செறிவு கூடினாலோ, புதிய பொருள் ஒன்று சேர்ந்தாலோ, யாருக்காவது தோல் வெந்தாலோ அந்தப் பக்கம் காலாவதியாகிவிட்டது என்று பொருள். மறுபடியும் முதல் படியிலிருந்து தொடங்குங்கள். புதிய பக்கம் கையெழுத்தாகும் வரை, பழைய முடிவு, புதிய தகவல் சுட்டும் முடிவு ஆகிய இரண்டில் எது கடுமையானதோ அதையே லேபிளில் வைத்திருங்கள்.